நாலில் ஒரு ரயர்

என் கணவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். நான் பிக்அப் ஓட்டுகிறேன். இதைச் சொன்னால் எங்கள் தமிழ் ஆட்கள் நான் மாறிச் சொல்லிவிட்டேனோ என்று ஒருமுறை பார்ப்பார்கள். மாறிச் சொல்லவில்லை. மொன்ட்ரியால் நகரத்தின் ஓரத்தில், புவாண்ட்-கிளேரில் இரண்டு அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலையை நானும் என் தங்கச்சியும் ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறோம். அலுவலகங்கள் பூட்டியிருக்கும் சனி, ஞாயிறு பகலில்தான் பெரிய வேலை. தரை தேய்க்கும் மெஷினை முதலில் காரில் ஏற்றிப் பார்த்தோம். ஏற்றிவிட்டோம், இறக்கத்தான் முடியவில்லை. அதற்குப் பிறகு பழைய பிக்அப் ஒன்றை வாங்கினேன். வண்டியின் திறப்பு என்னிடம்தான் இருக்கும். எனக்கு வருத்தம் வந்து படுத்தால் மட்டும் தங்கச்சி ஓட்டுவாள்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. ரயர் விஷயத்தில் சுத்தமாக நம்பமாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் ஆள் ஒருவரிடம்தான் முதல் காரை வாங்கினோம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை அவர் பின்னுக்குச் சுற்றியிருந்தார் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரயரைப் பற்றிக் கேட்டபோது, "நாலு பருவத்துக்கும் ஓடுற ரயர்தான் அக்கா, வின்ரருக்கும் காணும்" என்றார். அந்த வருடத்து முதற்பனியில் ஒரு இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க, கார் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதிரே வந்த பஸ் சாரதி இரண்டு கையையும் தூக்கி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. தெரியாததும் நல்லதுதான்.

இப்போது இங்கே டிசெம்பரிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைக்கும் குளிர்கால ரயர் பூட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வாகனத்துக்கும் இரண்டு சோடிச் சப்பாத்துப்போல இரண்டு தொகுதி ரயர். பாவிக்காத தொகுதியை எங்கே வைப்பது? மொன்ட்ரியால்-நோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மனிதர் திரும்பவே இடம் போதாது. கராஜ்காரர்கள் தங்கள் களஞ்சிய அறையில் வைத்துத் தருவார்கள்.

எங்கள் கராஜ்காரர் எங்கள் மாதா கோயில் ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிறு பின்னேரத் தமிழ்ப் பூசைக்கு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் முன் வரிசையில் இருப்பார். நாலு புது ரயரை அவரிடமே வாங்கி, இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டேன். சித்திரையில் கழற்றி அவரிடமே வைப்பேன். நவம்பரில் அவரே பூட்டுவார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதே எனக்குக் கொஞ்சம் இடித்தது.

போன நவம்பரில் பூட்டிவிட்டுத் திறப்பைத் தரும்போது, "நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டு வாங்கோ அக்கா, நட்டை ஒருக்கா இறுக்கோணும்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரம் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன்.

முதற்பனி ஒரு சனிக்கிழமை காலை கொட்டியது. நெடுஞ்சாலையிலிருந்து புவாண்ட்-கிளேருக்கு இறங்கும் வளைவில் பிக்அப்பின் பின்பக்கம் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை இழுத்த பக்கத்துக்கே மெல்லத் திருப்பி, பிரேக்கைத் தொடாமல் விட்டேன். வண்டி ஒருமுறை ஆடி நேராகியது. தங்கச்சி முன்னால் இருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னுக்குப் பாரம் இல்லை, அதுதான்" என்றேன்.

அவள் பக்கக் கண்ணாடியில் பின்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

பிக்அப்பின் குறை அதுதான். எஞ்சின் முன்னால், பின்னால் வெறும் பெட்டி. பாரம் இல்லாவிட்டால் பின் சில்லு பனியைப் பிடிக்காது. தரை மெஷினை அந்தக் கிழமை வேலை இடத்திலேயே விட்டிருந்தோம். அடுத்த நாளே இரண்டு மணல் மூட்டை வாங்கி, பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி கயிற்றால் கட்டினேன். கட்டாவிட்டால் பிரேக் போடும்போது மூட்டை பறந்து வரும்.

அடுத்த பனிக்கும் வண்டி ஆடியது. அதே வலது பக்கம்.

மணல் மூட்டை போட்டும் ஆடுகிறதென்றால் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்கிங்கில் வண்டியை விட்டபடியே காற்றை அளந்தேன். குளிர் கூடினால் காற்று தானாக இறங்கும். ஆனால் நாலிலும் ஒரே அளவுதான். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு டொலர் நாணயக் குத்தியை எடுத்தேன். அதில் வெள்ளைக் கரடி இருக்கும். குத்தியை ரயரின் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். மூன்று ரயரில் கரடியின் பாதத்தைத் தொடும் அளவுக்கு இறங்கியது. வலப்பக்கப் பின் ரயரில் ஓரத்து வெள்ளி வளையத்தின் பாதியோடு நின்றுவிட்டது.

நாலும் ஒரே நாளில் வாங்கியவை. நாலும் ஒரே தூரம் ஓடியவை.

பனிக்குள் முழங்காலை ஊன்றி, கையுறையால் அந்த ரயரின் பக்கத்தைத் துடைத்தேன். ஒவ்வொரு ரயரிலும் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். அதைச் செய்தது வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைகளில் எத்தனையாவது என்று முதல் இரண்டும், எந்த வருடம் என்று பின் இரண்டும் சொல்லும். மூன்று ரயரில் ஒரே இலக்கம். இந்த ஒன்று மட்டும் இரண்டு வருடம் மூத்தது. அதே கொம்பனி, அதே பெயர், அதே அளவு. வேறு ஒரு ரயர்.

எழும்பி நின்றபோது முழங்கால் நனைந்து விறைத்துப் போயிருந்தது. ஆனால் மனம் சூடாக இருந்தது. பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கோடை முழுவதும் என் ரயர் அவருடைய அறையில் இருந்திருக்கிறது. யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நல்ல ரயர் தேவைப்பட்டிருக்கிறது. பொம்பிளையின் வண்டிதானே, அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒன்றை மாற்றியிருக்கிறார்.

அன்று பின்னேரம் கணவரிடம் படங்களைக் காட்டினேன். சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுக்காமலே பார்த்தார்.

"பழசெண்டா என்ன, ஓடுதுதானே. விடுமப்பா."

இந்த மனிதர் ஒவ்வொரு நாள் காலையும் தன் பஸ்ஸின் சில்லுகளை ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அவர் வாயால் இப்படி.

"விடுறதோ? களவெடுத்திருக்கிறான்."

"நான் அவரோட கதைக்கிறன். நீர் போகாதையும்."

தங்கச்சி எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறாள். மணமுறிவாகி ஐந்து வருடம். அவளிடம் போய்க் காட்டினேன். படத்தைப் பெருப்பித்துக்கூடப் பார்க்கவில்லை.

"புதுசு ஒண்டு வாங்குவம் அக்கா. இதை எறிவம்."

"எறிஞ்சா அத்தாட்சி எங்க?"

"என்னத்துக்கு அத்தாட்சி?" என்று கேட்டுவிட்டு, உலை கொதிக்கிறது என்று குசினிக்குள் போய்விட்டாள்.

இரண்டு பேரும் ஏன் இப்படி வழுக்குகிறார்கள்? கோயில் ஆளோடு பகைக்கப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பயம் இல்லை.

ஆனால் போகுமுன் கையில் ஒரு கடதாசி வேண்டும். புவாண்ட்-கிளேரில் கடைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு பெரிய ரயர் கடை இருக்கிறது. அங்கே போனேன். "பொன்ஷூர்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டு வந்த விற்பனையாள் வண்டியைச் சுற்றி வந்து, பள்ளத்தை அளக்கும் கருவியை ஒவ்வொரு ரயரிலும் குத்திப் பார்த்தார். மூன்று ரயர் இந்தக் குளிர்காலத்துக்குக் காணும், நாலாவது காணாது என்றார். அதோடு நின்றிருந்தால் அவரை நம்பியிருப்பேன். நிற்கவில்லை. பிக்அப் என்றால் பார வாகனத்துக்குரிய தடித்த ரயர்தான் பொருத்தம், நாலையும் மாற்றுவதுதான் புத்தி என்றார்.

நான் என்ன ஏற்றுகிறேன் என்று அவர் கேட்கவேயில்லை. நான் கேட்டேன்: பாதி நாள் எங்கள் பெட்டி வெறுமையாக ஓடும், அந்தத் தடித்த ரயர் வெறும் பெட்டிக்கு இறுகிக் குதிக்காதா? சாரதிக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் கடதாசியில் வேறு அளவல்லவா போட்டிருக்கிறது? அவர் சிரித்து, கொஞ்சம் குதிக்கும்தான் என்று ஒப்புக்கொண்டார். பெரிய ட்ரெயிலர் இழுப்பவர்களுக்கு அது வேண்டும். உங்களுக்கு மலைக்குள் பனிச்செதில் முத்திரை அச்சிட்ட சாதாரண குளிர்கால ரயரே காணும் என்றார். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

நாலாவது ரயர் வேறு என்று எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்து ஓடும்போது ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் பற்சில்லுகளுக்கும் கூடாது என்றும் எழுதினார். எழுதிக்கொண்டே ஒன்று சொன்னார். "இதைப் போட்டவர் நன்றாகத் தேடித்தான் போட்டிருக்கிறார். அதே பெயர், அதே அளவு. ஏமாற்றுகிறவன் இவ்வளவு மினக்கெடமாட்டான்."

இவ்வளவு மினக்கெடுகிறவன்தான் பெரிய கள்ளன் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கராஜுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மூன்று பேர் கோப்பிக் கோப்பையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நீலத் தொப்பி போட்டிருந்தவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். கராஜ்காரர் ஒரு காரின் கீழிருந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தார்.

"வாங்கோ அக்கா. நட்டு இறுக்கவோ?"

"நட்டு இருக்கட்டும் தம்பி. இது என்ர ரயரோ?"

படத்தையும் கடதாசியையும் நீட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. கடதாசியை வாசித்தார். மெதுவாக மடித்துத் திருப்பித் தந்தார்.

"சித்திரையில உங்கட வண்டியில இருந்து கழட்டின நாலையும்தான் அக்கா நான் திரும்பப் பூட்டினனான்."

"அப்ப ரயர் தானாக வயசுக்குப் போச்சோ?"

"நான் உங்கட ரயரை எடுக்கேல்லை."

"எடுக்கேல்லை எண்டா ஆர் எடுத்தது? உம்மட அறைக்கு ஆரிட்டத் திறப்பு இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மூடின வாயைத்தான் நான் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்தேன்.

"கோயில்ல மெழுகுதிரி பிடிக்கிற கையாலயோ இந்த வேலை செய்யிறீர்?" என்றேன். காத்திருந்த மூன்று பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். நீலத் தொப்பிக்காரர் எழுந்து, "நான் பேந்து வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கராஜ்காரர் அவர் போவதைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அக்கா, வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார்.

வீட்டில் என்ன கேட்பது? பழியை எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளுகிறான் என்று இன்னும் கோபம் வந்தது. திறப்பை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் கண்ணுக்கு வேறொன்று தட்டுப்படத் தொடங்கியது. அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, ஜக்கற்கூடப் போடாமல் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள். அந்தக் குளிரில் பத்து நிமிடம். உள்ளே வந்து போனை மேசையில் வைத்தபோது திரையைப் பார்த்தேன். கராஜின் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உடுப்புக் கொளுவும் இடத்தில் அவளும் அவரும் நின்று கதைத்தார்கள். நான் கிட்டப் போக, கதை நின்றது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போனார். அவருடைய மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தாள். நான் ஜக்கற்றைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் பொருந்தியது. ரயரைப் பற்றிக் கதைத்தால் தங்கச்சி ஏன் நழுவுகிறாள், நவம்பரில் அவர் ஏன் அவளைப் பார்த்துச் சொன்னார், "புதுசு வாங்குவம்" என்று ஏன் அவசரப்பட்டாள். அவர்களுக்குள் ஏதோ தொடுப்பு; அதனால்தான் அவரை மாட்டிவிடாமல் காப்பாற்றுகிறாள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கோயில் முழுக்கத் தெரிந்தால்?

கணவரிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?"

"கண்ணால கண்டனான்."

"என்னத்தைக் கண்டனீர்? ரெண்டு பேர் கதைக்கிறதை. ரயர் விசயத்தை விடும் எண்டு எத்தினை தரம் சொல்லுறன்."

"ரயரைப் பற்றி நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள் ஏன் அதுக்க போறியள்?"

அவர் எழுந்து தொலைக்காட்சியைப் போட்டார். சத்தத்தையும் கூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை புவாண்ட்-கிளேருக்கு வெளிக்கிட்டோம். மெதுவாக ஓடினேன்; பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அலுவலகத்துப் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினேன். பனி அள்ளும் வாகனம் ஓரமாகக் குவித்துவிட்டுப் போன பனிமேடு எங்களுக்கு முன்னால் நின்றது. தங்கச்சி கதவைத் திறக்கப் போனாள்.

"இரு" என்றேன். "அந்தக் கராஜ்காரனோட உனக்கு என்ன கதை?"

"என்ன கதை?"

"பல்கனியில நிண்டு கதைக்கிற கதை. கோயில்ல ஒளிச்சு நிண்டு கதைக்கிற கதை. அவனுக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு தெரியுமோ?"

அவள் கதவின் பிடியிலிருந்து கையை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, நீங்கள் என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"நினைக்க வச்சது நீ."

"சரி, கேளுங்கோ. போன மார்ச்சில பித்தப்பை ஒப்பரேசனுக்கு நீங்கள் ரெண்டு கிழமை படுத்திருக்கேக்க நான்தானே வண்டி ஓடினனான். பனி உருகி றோட்டெல்லாம் குழி. ஒரு குழி, தண்ணி நிண்டது, ஆழம் தெரியேல்லை. விட்டுட்டன். ரயர்ப் பக்கத்தில கொப்புளம் மாதிரி வீங்கிப் போச்சு. அவருக்குத்தான் போன் எடுத்தனான். வந்து பாத்திட்டு, இதோட ஒரு அடி ஓடேலாது, வெடிக்கும் எண்டார். புதுசு வரக் கொஞ்ச நாளாகும். எங்களுக்கு அடுத்த நாள் வேலை. எங்கயோ தேடி அதே மாதிரிப் பழசு ஒண்டு எடுத்துக்கொண்டு வந்து பூட்டினவர். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு நான்தான் கெஞ்சினனான்."

எனக்கு உடனே கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "ஏன் சொல்லேல்லை?"

"ஏனோ?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அதுக்கு முந்தின வருசம் பக்கக் கண்ணாடியைச் சுவரில உரசினதுக்கு மூண்டு மாசம் திறப்புத் தரேல்லை நீங்கள். பேந்து தந்தாப் பிறகும், நான் வந்து இறங்கினா முதல் வண்டியைச் சுத்திப் பாப்பியள். பேந்துதான் என்ர முகத்தைப் பாப்பியள். நான் என்னெண்டு அக்கா சொல்லுறது?"

திறப்பு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

"நவம்பரில அவர் சொன்னவர், இதோட வின்ரர் முழுக்க விடாதேங்கோ, அக்காவுக்குச் சொல்லி மாத்துங்கோ எண்டு. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு நான் இழுத்தன். நீங்கள் அங்க போய்ச் சண்டை பிடிச்ச அண்டைக்குப் பின்னேரம் போன் எடுத்தவர். 'நான் வாய் திறக்கேல்லை. இனி நீங்களாச் சொல்லுங்கோ' எண்டார். கோயில்லயும் அதைத்தான் கேட்டவர்."

"அத்தானுக்கு?"

"அத்தானுக்கு அண்டைக்கே தெரியும். அவர்தான் உங்களுக்குக் காயம் ஆறட்டும் எண்டவர்."

அந்த ஆளையும் இவளையும் பற்றி நான் நினைத்ததை அவள் அதற்குப் பிறகு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து வாளிகளை எடுத்தாள். அன்று முழுவதும் தரை மெஷினை அவளே பிடித்தாள். நான் கண்ணாடி துடைத்தேன். மெஷின் சத்தத்தில் இரண்டு பேருக்கும் கதைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. என் ரயர் இல்லை என்று நான் கண்டுபிடித்தது சரி. அதில் எனக்கு ஒரு துளி சந்தோசம்கூட வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து ஒன்றை மறைத்திருக்கிறார்கள், எனக்குப் பயந்து. இதை எப்படிக் கோபிப்பது என்று தெரியாமல் ஒரே கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "நீங்களுமோ?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்தார். "பேந்து சொல்லுவம் எண்டு விட்டது. பேந்து பேந்தெண்டு இவ்வளவு தூரம் வந்திட்டுது. நீர் அந்தாளோட போய்ப் பிடுங்குப்படுவீர் எண்டு நான் நினைக்கேல்லை."

"அந்த ரயரோட நாங்கள் ரெண்டு பேரும் போய்ச் சறுக்கினதாவது தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். "அண்டையில இருந்து நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை." அதை நம்புவதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

திங்கட்கிழமை கராஜுக்குத் தனியே போனேன். அங்கே வேறு ஒருவரும் இருக்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பேசியது மூன்று பேருக்கு முன்னால், மன்னிப்புக் கேட்பது ஒருவருமில்லாத நேரத்தில்.

"தம்பி, தங்கச்சி எல்லாம் சொன்னவள். நான் பிழையாக் கதைச்சுப்போட்டன்."

அவர் கையிலிருந்த இரும்பை மேசையில் வைத்தார்.

"என்னிலயும் பிழை இருக்கு அக்கா. வண்டி உங்கடை. உங்களிட்டத்தான் சொல்லியிருக்கோணும். அந்தப் பிள்ளை அழுதது, நான் ஓமெண்டிட்டன். பனிக்க உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா நான் ஆருக்கு என்ன சொல்லியிருப்பன்?"

"அண்டைக்கு அவ்வளவு பேருக்கு முன்னால ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். வாக்குக் குடுத்திட்டன்."

அவர் பழைய ரயரையும் அதற்குச் சோடியாக நின்ற இடப்பக்கத்தையும் கழற்றி, பின்னுக்கு இரண்டு புதிதாகப் பூட்டலாம் என்றார். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மறுபடியும் தேய்மானம் பொருந்தாது. எந்த வகை என்று கேட்டார். நான் கடதாசியில் எழுதிக்கொண்டு போனதைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நல்லாத்தான் படிச்சிருக்கிறியள்" என்றார். பகடியா, உண்மையா என்று முகத்தில் தெரியவில்லை.

போகும்போது கேட்டேன்: "அண்டைக்கு நீலத் தொப்பியோட இருந்தவர் பேந்து வந்தவரோ?"

"இல்லை."

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அந்த நீலத் தொப்பிக்காரரைத் தேடிப் பிடித்தேன். மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். பிழை எங்கள் வீட்டில்தான், கராஜ்காரர் களவெடுக்கவில்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவர் உங்களை இப்பிடிச் சொல்லச் சொன்னவரோ?"

"இல்லை, நானாத்தான்."

"நீங்கள் பயப்படாதேங்கோ அக்கா. இப்பிடியான ஆக்கள் எனக்குத் தெரியும். நான் இப்ப வேற இடத்திலதான் கார் வேலை செய்விக்கிறன்."

எவ்வளவு சொல்லியும் அவர் தலையைத் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. அவருடைய கண்ணில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பார்வையோடுதான் நான் இவ்வளவு காலமும் எல்லோருடைய கதையையும் கேட்டிருக்கிறேன். தேத்தண்ணியை வாங்காமலே வெளியே வந்தேன்.

தங்கச்சி இரண்டு கிழமை அளந்து அளந்துதான் கதைத்தாள். வண்டித் திறப்பில் இன்னொன்று வெட்டுவித்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை. புது ரயரோடு குளிர்காலம் பிரச்சினை இல்லாமல் போனது. சனிக்கிழமைகளில் இப்போது போகும்போது நானும் வரும்போது அவளும் ஓட்டுகிறோம். வந்து இறங்கியதும் வண்டியைச் சுற்றிப் பார்க்கக் கால் இழுக்கும். அடக்கிக்கொண்டு படியேறப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரையில் ரயர் மாற்றப் போனேன். வேறு இடத்துக்குப் போனால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்பது ஒரு காரணம். அவருடைய முகத்தைப் பார்க்காமல் விடக்கூடாது என்பது இன்னொன்று. அவர் குளிர்கால ரயர் நாலையும் கழற்றி வரிசையாகச் சாய்த்து வைத்தார். ஒவ்வொன்றின் இலக்கத்தையும் போனில் படம் எடுத்தார். பிறகு ஒரு கடதாசியில் நாலு இலக்கத்தையும் எழுதி, போனையும் கடதாசியையும் என்னிடம் நீட்டினார்.

"சரிபாத்துக் கீழ கையெழுத்து வையுங்கோ அக்கா."

"இப்ப எல்லாருக்கும் இப்பிடியோ?"

"இல்லை அக்கா. உங்களுக்கு மட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு வேலையின் ஒழுங்கைச் சொல்வதுபோலச் சொன்னார். பார்க்கத் தேவையில்லை தம்பி, உங்களில் நம்பிக்கை இருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொற்கள் வாய் வரைக்கும் வந்தன. ஆனால் நான் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தேன். படத்தைப் பெருப்பித்து, ஒவ்வொரு இலக்கமாக நாலையும் கடதாசியோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கையெழுத்து வைத்தேன்.